அப்புச்சி கொடுத்த ஸ்வெட்டர்



ஊட்டி முகாம் அனுபவத்தைச் சுவர் இதழுக்கு எழுதித் தரும்படி தமிழ் ஐயா கேட்டார். பூங்கா, படகு, வர்க்கி என்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் ஒரு பழைய ஸ்வெட்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால் அதையே எழுதுகிறேன்.

எங்க அப்புச்சி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஊட்டியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். அரையாண்டு லீவில் சாரணர் முகாமுக்கு ஊட்டி போகிறேன் என்று சொன்னதும் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே அந்துருண்டை வாசனையோடு ஒரு பழுப்புக் கம்பளி ஸ்வெட்டர். முழங்கையில் வேறு நிற நூலில் தைத்த ஒட்டு. கூடவே ஒரு குரங்குக் குல்லா, லாரித் தார்ப்பாயில் வெட்டிய ஒரு துண்டு.

"நனைஞ்சாலும் கம்பளி கொஞ்சம் சூடு குடுக்கும் கண்ணு. பருத்தி நனைஞ்சா ஈரத்துணியைச் சுத்திக்கிட்டு நிக்கற மாதிரிதான். பைக்குள்ள வெச்சுக்க" என்றார்.

நானோ தீபாவளிக்கு எடுத்த ஜீன்ஸையும் புதுப் பருத்திச் சட்டையையும் நம்பிப் போனேன். முகாமில் பையைப் பிரித்தபோது ஒருவன் பார்த்துவிட்டான். "என்னடா, தார்ப்பாய் மட்டுந்தானா? உங்க தாத்தா லாரியையும் குடுத்து விட்டாரா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் தொட்டபெட்டாவுக்கு நடைப்பயணம். காலையில் நல்ல வெயில். ஸ்வெட்டர், குல்லா, தார்ப்பாய் மூன்றையும் எடுத்து அறையில் போர்வைக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஏழு பேர் கொண்ட அணிக்கு நான்தான் தலைவன். கடைசி ஆள் எட்டாம் வகுப்புத் தம்பி. வாராவாரம் "தயாராக இரு" என்று சொல்கிறோமே, அது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஏறும்போது குளிரே தெரியவில்லை. வியர்த்துக் கொட்டியது. அதுதான் ஏமாற்றும் இடம் என்று இப்போது புரிகிறது. 100 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.65 டிகிரி குறையும் என்று படித்திருக்கிறோம். நம் மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15 டிகிரி வித்தியாசம்! காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்புக்கு இன்னும் குளிரும்.

உச்சிக்குப் போனதும் மூடுபனி வந்து மூடியது. பின்னாலேயே தூறல், காற்று. வியர்வையில் நனைந்த சட்டை மழையிலும் நனைந்தது. எல்லோருக்கும் பல் தந்தி அடித்தது. திரும்பி இறங்கும்போது தம்பி பின்தங்கினான். "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்லண்ணா" என்றான், ஆனால் வார்த்தை குழறியது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வரவில்லை. நேர் ரோட்டிலேயே தடுமாறினான். பயந்துபோய் சாரைக் கூப்பிட்டேன்.

சார் அவனை வழியில் இருந்த டீக்கடைக்குள் தூக்கிப் போனார். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, "காஞ்ச கம்பளி யாருகிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

டீக்கடை அக்காதான் தன் சால்வையை எடுத்து அவனைச் சுற்றினார். இனிப்புப் போட்ட சூடான டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். நான் அவன் கையைத் தேய்க்கப் போனேன். "தேய்க்காதே, முதல்ல நெஞ்சும் வயிறும் சூடாகட்டும்" என்று சார் தடுத்தார். அரை மணி நேரம் கழித்து, "அண்ணா, பஸ் எப்ப வரும்?" என்று தெளிவாகக் கேட்டான். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நம் உடம்பின் வெப்பம் 37 டிகிரி, அது 35-க்குக் கீழே போனால் ஆபத்து, பேச்சுக் குழறுவதும் தடுமாறுவதும் அதன் அறிகுறி என்று அன்று இரவு சார் விளக்கினார்.

மலைக்குப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்:

1. ஒரே தடிமனான உடையை விட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள்.
2. நடைக்கு ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், லேசில் காயாது.
3. மாற்றுச் சட்டை, காலுறை, கம்பளி மூன்றையும் தண்ணீர் புகாதபடி கட்டி வையுங்கள்.
4. மழைக்கோட்டு இல்லையென்றால் தார்ப்பாய்த் துண்டாவது வேண்டும். காற்றைத் தடுத்தாலே பாதிக் குளிர் போய்விடும்.
5. தலைக்குக் குல்லா அவசியம். அழகு அப்புறம்!
6. புது ஷூ கடிக்கும். பழகிய ஷூவையே போடுங்கள்.

வீட்டுக்கு வந்து அப்புச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்வெட்டரை உதறி மடித்துக்கொண்டே, "அறைக்குள்ள கெடந்தா அறைக்குத்தான் கண்ணு கதகதப்பு" என்றார். அவ்வளவுதான். அடுத்த முகாமுக்கு அந்த ஸ்வெட்டர் வரும், பையின் மேல்பக்கத்தில்.

ஸ்வெட்டர் அறையில் இருந்ததை அன்று சாரிடமும் நான் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர்களுக்குத் தெரியப்போகிறது. மன்னித்துவிடுங்கள் சார். மன்னிச்சிரு தம்பி.

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்