இரு வீடும் ஒரு மூச்சும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பு அதன் ஆழத்தில் மட்டுமன்று, அதன் அடக்கத்திலும் உள்ளது. வெளிக்கடல் கொந்தளிக்கும்போதும் உட்துறைமுகம் அமைதியாகக் கிடக்கும். ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரி மாதங்களில், அந்த அமைதியான நீரைச் சூழ்ந்த வீடுகள் பலவற்றில் உறக்கம் கலைகின்றது. சுவர்களில் ஈரம் ஊறுகின்றது. தொய்வு நோயுள்ள பிள்ளைகளுக்கு இழுப்புக் காண்கின்றது. அத்தகைய ஓர் இரவில், திருக்கடலூரில் வாழும் தாயொருத்தி ஏழு வயது மகனைத் தோளிற் சாய்த்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்கு விரைகின்றாள். பிள்ளையின் தந்தை சீனக்குடாப் பக்கத்தில் வேறாக வாழ்கின்றார். இருவரும் பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணவன், மனைவி என்ற உறவு முடிந்துவிட்டது. தாய், தந்தை என்ற உறவு முடியவில்லை. முடியாத அவ்வுறவின் செலவை எவ்வாறு பகிர்வது என்பதே இருவருக்குமிடையே எஞ்சியுள்ள வழக்கு.

இலங்கையில் இவ்வினா எழவேண்டியதில்லை என்று சிலர் கருதக்கூடும். 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. எழுபதுகளிற் சிறு கட்டணம் அறவிடப்பட்ட சில ஆண்டுகள் நீங்கலாக, வைத்தியம் இங்கு இலவசமாகவே இருந்து வருகின்றது. இது இந்நாடு பெருமை கொள்ளத்தக்க பேறாகும். ஆனால் வைத்தியம் இலவசமாக இருப்பதும் நோய் செலவின்றி இருப்பதும் ஒன்றல்ல. நள்ளிரவு வண்டிக்கூலி, உடனிருக்கும் தாய் இழக்கும் நாட்கூலி, வெளியே செய்விக்கவேண்டிய பரிசோதனை, வைத்தியசாலையில் இருப்பில்லாதபோது கடையில் வாங்கும் மருந்து ஆகிய யாவும் வீட்டின் கணக்கிலேயே சேர்கின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அரிதானபோது, இந்த உண்மையைப் பெற்றார் பலரும் நேரில் உணர்ந்தனர். நோய் கடுமையாகிக் கொழும்பிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தால், ஏறக்குறைய 250 கிலோமீற்றர் பயணமும் தங்குமிடமும் உணவும் செலவோடு சேரும்.

சட்டம் இவ்விடயத்தில் வாளாவிருக்கவில்லை. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், தந்தை என்று மட்டும் கூறாது பெற்றார் என்று கூறுகின்றது. போதிய வசதியிருந்தும் தம்மைத் தாமே பேண இயலாத பிள்ளையைப் பராமரிக்கத் தவறும் பெற்றார் எவராயினும், மாதந்தோறும் பணம் செலுத்துமாறு நீதிவான் கட்டளையிடலாம். அத்தொகையை நிர்ணயிக்கையில் பெற்றாரின் வருமானமும் பிள்ளையின் நிலைமையும் கருத்திற் கொள்ளப்படல் வேண்டும். மூவினத்தவரும் வாழும் இம்மாவட்டத்தில் முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு வழக்குகள், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. 1991இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் சமவாயமும், பிள்ளை வளர்ப்பிற் பெற்றார் இருவர்க்கும் பொதுப் பொறுப்புண்டு என வலியுறுத்துகின்றது.

எனினும் கட்டளையிற் குறிக்கப்படுவது மாதத்தொகை. நோயோ மாதக் கணக்குப் பார்த்து வருவதன்று. சித்திரையில் ஒரு சதமும் கேளாத நோய், மார்கழியில் ஒரே வாரத்தில் மூன்று மாதப் பணத்தை விழுங்கிவிடுகின்றது. இத்தாயும் தந்தையும் இதனை உணர்ந்தே, மருந்துச் செலவிற் பாதியைத் தந்தை தனியே கொடுப்பதென்று உடன்பட்டனர். உடன்பாடு நேர்மையானதாகவே தோன்றிற்று. முரண்பாடு வேறிடத்திலிருந்து முளைத்தது.

தொய்வுக்கு இருவகை மருந்துண்டு. ஒன்று, இழுப்புக் கண்டவுடன் மூச்சுக்குழலை விரித்து ஆறுதல் தருவது. மற்றையது, இழுப்பு வராமற் காக்க நாள்தோறும் உள்ளிழுக்கவேண்டிய தடுப்பு மருந்து. அது மூச்சுக்குழலின் அழற்சியை மெல்லத் தணிப்பது. அதன் பயன் கண்ணுக்குத் தெரியாதது. வைத்தியசாலை இரவுகளின் செலவைத் தந்தை மறுக்கவில்லை. தடுப்பு மருந்தின் பற்றுச்சீட்டைக் கண்டபோதுதான் தொலைபேசியிற் கேட்டார்:

“பிள்ளை சுகமாய்த்தானே இருக்கிறான், பிறகு மருந்து எதுக்கு?”

“மருந்து எடுக்கிறபடியாற்றான் சுகமாய் இருக்கிறான்” என்றாள் தாய்.

இச்சிறு உரையாடலில் இவ்விடயம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். இடர் நேரும்போது கொடுப்பது எல்லோருக்கும் எளிது. இடர் நேராதபடி நாள்தோறும் செய்யும் பணிக்கு விலை மதிப்பார் அரியர். தாயின் கண்விழிப்பும் அத்தகையதே. அதற்குப் பற்றுச்சீட்டு எழுதும் மருந்தகம் எங்குமில்லை.

ஆயினும் தந்தையின் பக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். தனியார் வைத்தியரிடம் சனல் செய்து காட்டியதை அவர் பணம் கேட்கப்பட்டபோதே அறிந்தார். எந்த மருந்து, எதற்காக, எத்தனை காலம் என்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் வேளையில் அந்நியராகவும் பணம் கொடுக்கும் வேளையில் தந்தையாகவும் இருப்பது அவருக்குக் கசந்தது. பொறுப்பைப் பகிரவேண்டுமாயின் அறிவையும் பகிரவேண்டும் என்ற அவரது முறைப்பாடு புறக்கணிக்கத்தக்கதன்று. அதேவேளை, சம பங்கு என்பது எப்போதும் சம நீதியாகாது என்பதும் நோக்கத்தக்கது. தையல் வேலையால் வாழும் தாயும் நிரந்தரச் சம்பளம் பெறும் தந்தையும் பாதிக்குப் பாதி கொடுக்கையில், ஒருவருக்கு அது செலவு. மற்றவருக்கு அது கடன். வருமானத்தைக் கருதவேண்டும் என்று சட்டம் கூறுவதன் பொருள் இங்கேதான் விளங்குகின்றது.

தீர்வு நீதிமன்றத்தில் அன்றி, கிளினிக் வாங்கிலேயே தொடங்கிற்று. அடுத்த முறை தந்தையையும் வருமாறு தாய் அழைத்தாள். அங்கு தாதியொருவர் மருந்தை உள்ளிழுக்கும் முறையை அவருக்கும் செய்து காட்டினார். நாள்தோறும் எடுக்கும் மருந்து ஏன் நிறுத்தப்படலாகாது என்பதை வைத்தியர் விளக்கினார். அதன்பின் ஒரு கொப்பி உண்டாயிற்று. மருந்து, பரிசோதனை, வண்டிக்கூலி, தாய் வேலை இழந்த நாள் ஆகிய நான்கும் அதில் எழுதப்படுகின்றன. ஐந்தில் மூன்று பங்கு தந்தையுடையது, இரண்டு தாயினுடையது. அவசரமல்லாத தனியார் வைத்தியத்துக்கு முன்னரே இருவரும் பேசிக்கொள்வர். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் தந்தையே கிளினிக்குக்கு அழைத்துச் செல்வார்.

இதனால் அவர்களிடையே பழைய அன்பு மீளவில்லை. மீளவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சில மாதங்களிற் பணம் பிந்துகின்றது. சில பக்கங்களில் இருவர் கையெழுத்தும் சினத்தோடு அழுந்தியுள்ளது. ஆனால் மாரி மீண்டும் வந்தபோது, சீனக்குடா வீட்டிலும் ஒரு தடுப்பு மருந்து இருந்தது. பிள்ளை எந்த வீட்டில் உறங்கினாலும் உறங்குமுன் அதனை எடுக்கின்றான். எடுத்தபின் வாயைக் கொப்பளிக்குமாறு நினைவூட்டுவது அங்கு தந்தையின் வேலை.