22 கேள்வியும் ஒரு அக்காவும்

நமக்குத் தொழில் பொட்டி தட்டுறது. எந்தப் பிரச்சனையைப் பார்த்தாலும் ஒரு ஃபார்ம் போட்டு, எக்செல்ல கொட்டி, கலர் கலரா சார்ட் போட்டாத்தான் தூக்கம் வரும் :)

2021 ஜூலையில அப்படித்தான் மாட்டினேன். ஓஎம்ஆர்ல எங்க அபார்ட்மென்ட்டுக்குப் பின்னாடி ஒரு கட்டட வேலை. தகர ஷெட்டுல நூத்தம்பது பேர் இருப்பாங்க. ஒடிசா, பீகார், ஜார்கண்ட். அவங்களைக் கொரோனா தடுப்பூசி போட வைக்கணும்னு நாங்க நாலு பேர் கிளம்பினோம். கூகுள் ஃபார்ம்ல 22 கேள்வி, இந்தியில. ஊசின்னா பயமா, வதந்தியை நம்புறீங்களா... இந்த ரேஞ்சுல. எல்லாரும் தலையாட்டினாங்க. திங்கக்கிழமை காலையில முகாம். வந்தது ஒன்பது பேர்.

"படிப்பறிவு இல்ல மச்சி"ன்னான் நண்பன். நானும் மண்டையை ஆட்டினேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அங்க பலாங்கிர்ல இருந்து வந்த அக்கா ஒருத்தங்க. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில பல வருஷம் இருந்ததால தமிழ் பேசுவாங்க. அவங்கதான் கேட்டாங்க: "தம்பி, காய்ச்சல் வந்தா பயமான்னு கேட்ட. ரெண்டு நாள் படுத்தா கூலி யார் தருவான்னு கேட்டியா?"

ரிக்வயர்மென்ட்டே கேக்காம கோடு அடிச்சிருக்கேன்!

ஃபார்மைத் தூக்கிப் போட்டோம். அக்காவும் இன்னும் அஞ்சு பேரும் அவங்களே கேள்வி போட்டு, ராத்திரி சமையல் நேரத்துல ஷெட் ஷெட்டா போய்க் கேட்டாங்க. நாங்க எழுதிக்கிட்டதோட சரி. ஒண்ணு, கூலி. ரெண்டு, போன் புருஷன்கிட்ட, ஓடிபிக்கு எங்க போறது? மூணு, கோவிஷீல்டு ரெண்டாவது டோஸுக்கு 84 நாள், அதுக்குள்ள எந்த ஊர்ல இருப்போமோ? பயம்? இருந்துச்சு, நாலாவதா.

முகாமை சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்தினோம், மறுநாள் லீவு. கோவின்ல அப்ப ஒரு நம்பர்ல நாலு பேர் பதியலாம். போன் இல்லாதவங்களுக்கு எங்க நம்பரைக் குடுத்துட்டு, பெருசா சாதிச்ச மாதிரி நின்னேன். "நாங்க எங்கயோ போயிருவோம், உன் போன் இங்கதான இருக்கும்?"னாங்க அக்கா. அப்புறம்தான் பதிவு எண், ஊசி பேரு, அடுத்த தேதி, எங்க நம்பர் எல்லாம் எழுதி ஆளுக்கொரு அட்டை. இந்த தடவை நூறு பேருக்கு மேல வந்தாங்க.

நான் ஏதோ புதுசா கண்டுபிடிச்சதா நினைச்சேன். அப்புறம் படிச்சா, போலியோவுக்கே இதைப் பண்ணியிருக்காங்க. செங்கல் சூளை, கட்டட வேலை நடக்குற இடம்னு பட்டியல் போட்டு, ரயில்வே ஸ்டேஷன்ல சொட்டு மருந்து குடுத்து, அந்தந்தப் பகுதிப் பொண்ணுங்களையே வீடு வீடா பேச வச்சு. காட்டுப் போலியோ வைரஸால இந்தியாவுல கடைசியா பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில, ஹௌராவுல ஒரு குழந்தை. 2014 மார்ச் 27ல போலியோ இல்லைன்னு சான்றிதழ் வந்துச்சு.

என் கணக்குல நான் போக மூணு பேர். அக்டோபர்ல ரெண்டு பேர் அட்டையைப் பார்த்து போன் பண்ணி ஓடிபி வாங்கினாங்க, ஒருத்தர் ராஞ்சியில இருந்து, இன்னொருத்தர் ஓசூர்ல இருந்து. மூணாவது அக்கா. அவங்ககிட்ட இருந்து போனே வரல. ரெண்டாவது ஊசி வேற எங்கயாவது போட்டிருப்பாங்கன்னு சொல்லிக்கறேன்.

அவங்க பேருக்கு நேரா ஒரு டோஸோட நிக்குது.