நிழல் குட்டையாக இருக்கும் நேரம்



"நாங்க கறுப்புத்தானே சேர், வெயில் எங்கள என்ன செய்யும்?" மாணவர்கள் அடிக்கடி கேட்பது. கொட்டியாரக் குடாவில் முப்பது வருடம் வலை இழுத்த என் வாப்பாவும் இதையேதான் சொல்வார். ஆனால் இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் கிடந்து வந்தால் அவருக்கு உதட்டோரம் கொப்புளம் போட்டுவிடும். "உடம்புச் சூடு" என்று உம்மா இளநீர் வெட்டிக் கொடுப்பா.

அது வெறும் சூடு இல்லை. அந்தக் கொப்புளத்தின் வைரஸ் வருடக்கணக்காக நரம்புக்குள் தூங்கிக் கிடப்பது. வெயிலில் உள்ள கழியூதாக் கதிர் அதை எழுப்பிவிடுகிறது. அதை அடக்கி வைக்கும் நிர்ப்பீடனத்தையும், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியையும், தளர்த்துகிறது.

நம் தோலில் லாங்கர்ஹான்ஸ் கலங்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி நுழைந்தால் முதலில் செய்தி சொல்வது அவர்கள். கழியூதாக் கதிர் பட்டால் அவர்களின் எண்ணிக்கை குறைகிறது. தோலிலுள்ள யூரோக்கானிக் அமிலமும் வடிவம் மாறி, எதிர்ப்பை அடக்கிவிடுகிறது.

1970களில் அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் கிரிப்கே இதை எலிகளில் காட்டினார். கழியூதாக் கதிரால் உண்டான புற்றுக்கட்டியைச் சாதாரண எலியில் வைத்தால் அதன் உடல் அதை அழித்துவிட்டது. முன்பே அந்தக் கதிர் பட்ட எலியில் கட்டி வளர்ந்தது.

கறுப்புத் தோல்? தோல் கருகுவதையும் தோல் புற்றுநோயையும் மெலனின் நன்றாகவே குறைக்கிறது. ஆனால் கருமையான தோலுள்ளவர்களை வைத்து 1991இல் வெளிவந்த ஆய்வில், இந்த நிர்ப்பீடனத் தளர்ச்சியை அந்தக் கருமை தடுக்கவில்லை.

வெயிலே கூடாது என்று சொல்லவில்லை. விற்றமின் டீக்குக் கொஞ்ச வெயில் வேண்டும். சொரியாசிஸுக்கு வைத்தியர்கள் இதே கதிரை அளந்து கொடுக்கிறார்கள். விஷயம் அளவில்தான்.

நம்ம திருகோணமலைக்கு ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அளப்பதற்குக் கருவி தேவையில்லை: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. இது நமக்குப் புதிதா? அஸர் வக்தை நிழலை வைத்துத்தானே கணிக்கிறோம். அஸர் பாங்கு சொல்லும்போது நிழல் நம் உயரத்துக்காவது நீண்டிருக்கும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு நேரத்தைத் தெரிவு செய்ய முடியாது. அவர்களுக்கு நீளக் கை சேர்ட்டும் அகலத் தொப்பியும் வேண்டும். நமக்கு முடியும். சக ஆசிரியர்களே, இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியைப் பாடசாலை விட்ட கையோடு இரண்டு மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகளை மைதானத்தில் இறக்குங்கள்.