உளிச் சத்தம் கேட்கும் ஊரில் பிறக்கும் சீல் குட்டி

ஜப்பானின் டொயாமா மாநிலத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது நான்டோ நகரம். ஷின் தகாஓகா ஸ்டேஷனில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, ஜோஹானா லைன் ரயிலில் ஏறினால், வயல்களுக்கு நடுவே ஆடி அசைந்து கொண்டுபோய் விடும்.

சுற்றுலாப் பயணிகள் இங்கே வருவது இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று, கொகயாமா மலைக் கிராமங்கள். பனி வழிந்து விழுவதற்காக, கை கூப்பியது போன்ற செங்குத்தான கூரையோடு கட்டிய புல் வேய்ந்த வீடுகள் இவை. 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தன. இன்னொன்று, இனாமி. ஸுய்சென்ஜி கோயில் தீயில் எரிந்த பிறகு, 18-ம் நூற்றாண்டில் அதை மறுபடி கட்ட கியோட்டோவிலிருந்து வந்த சிற்பியிடம் உள்ளூர் தச்சர்கள் தொழில் கற்றுக்கொண்டார்கள். இன்றும் கோயில் வீதியில் நடந்தால் பட்டறைகளிலிருந்து உளிச் சத்தம் கேட்கும்.

இதே நான்டோவில் இன்னொன்றும் உருவாகிறது. அதன் பெயர் பாரோ.

பார்த்தால் பஞ்சு பொம்மை. வெள்ளை ரோமம், பெரிய கறுப்புக் கண்கள், கைக்குழந்தையின் எடை. ஆனால் உள்ளே சென்சார்கள். தடவினால் தலை தூக்கும், கூப்பிட்டால் திரும்பும், கண் சிமிட்டும். கனடாவில் பதிவுசெய்த நிஜ சீல் குட்டியின் குரலில் முனகும். குழந்தை வாயில் வைக்கும் நிப்பிள் வடிவில்தான் சார்ஜரே! ரோமத்தைக் கையால் கத்தரிப்பதால், ஒன்றின் முகம் இன்னொன்றுக்கு இருக்காது.

விஞ்ஞானி டகானோரி ஷிபாட்டா 1993-ல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். 2005-ல் பாரோ விற்பனைக்கு வந்தது. நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள். சீல் குட்டியை யாரும் வளர்த்ததில்லையே! அதனால்தான் சீல்.

ஜப்பானில் 10 பேரில் கிட்டத்தட்ட 3 பேர் 65 வயதைத் தொட்டவர்கள். டிமென்ஷியா உள்ள பலருக்குச் சாயங்காலம் ஆனால் பதற்றம் வந்துவிடும். வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். விளக்கம் சொன்னால் பதற்றம் கூடும். அந்த நேரத்தில் மடியில் மெத்தென்று ஒன்று இருந்தால், கை தானாகத் தடவ ஆரம்பிக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கவனிப்பில் இருப்பவருக்கு, தான் கவனித்துக்கொள்ள ஓர் உயிர் கிடைத்த மாதிரி.

‘ஆனால் அது உயிர் இல்லையே, இது ஏமாற்று வேலை இல்லையா?’ இந்தக் கேள்வியும் உண்டு. எதையும் உணராத இயந்திரத்திடம் முதியவர்களை ஒப்படைத்துவிட்டு நாம் விலகிப் போகிறோமோ என்று கவலைப்பட்டவர்களில் அமெரிக்கப் பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள் முக்கியமானவர்.

2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இங்கே கவனிக்க வேண்டியது. 28 இல்லங்களில் டிமென்ஷியா உள்ள 415 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு பாரோ. இன்னொன்றுக்கு, இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பாரோ, அதாவது வெறும் பொம்மை. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். வாரம் 3 முறை, 15 நிமிடம், 10 வாரங்கள். இயங்கும் பாரோவிடம்தான் அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். ஆனால் மனநிலையிலும் பதற்றத்திலும் பாரோவுக்கும் வெறும் பொம்மைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பாரோவின் விலை பல லட்சம் ரூபாய். மெத்தென்ற சாதாரண பொம்மைக்குச் சில நூறு ரூபாய் போதும். எதைக் கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதே முக்கியம். திணிக்காமல் கண்ணில் படும்படி வைக்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், எல்லோருக்கும் பிடிக்காது. பிடித்துவிட்டால் கேலி செய்யவோ, வெடுக்கென்று பிடுங்கவோ கூடாது. கண், பட்டன் கழன்று வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமாக, பொம்மை மடியில் இருக்கும்போது பக்கத்து நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ‘குட்டி தூங்கிடுச்சா?’ என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அதை மட்டும் எந்த ஊரிலும் செய்து விற்பதில்லை.