இரவல் உருவம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதும்போது 'பிறந்தநாள் கேக் கவிதைகள்' என்று ஒரு சொற்றொடரைப் பயன்படுத்தினேன். இரவல் வாங்கிய உருவம், மேலே சர்க்கரைப் பூச்சு, உள்ளே வெறும் காற்று என்பது என் வாதம். அந்தக் கவிஞர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அவர் கோபத்தை நான் ஒரு சான்றிதழாகவே வைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஐப்பசியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை நாளில், திருச்சியில் என் வீட்டுச் சமையலறையில் பிரஷர் குக்கரின் அடியில் ஆற்று மணலைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அந்தச் சொற்றொடர் நினைவுக்கு வந்தது. மறுநாள் என் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது.

மணல் பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டிவைத்திருந்த குவியலிலிருந்து மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்தது. அதைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்திருந்தேன். அவன் என்னத்துக்கு என்று கேட்டான். கேக்குக்கு என்றேன். நம்பவில்லை.

என் மனைவி வளர்ந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் உண்டு. எங்கள் வீட்டில் பிறந்தநாளே கிடையாது. இங்கிலீஷ் தேதியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. என் நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் எனக்கு ஒரு பிறந்த தேதி இருப்பது தெரிந்தது. வறுமை என்று சிறு வயதில் நினைத்துக்கொண்டேன். பிறகு, படிக்க ஆரம்பித்த காலத்தில், ஆடம்பரத்தை மறுக்கும் ஒரு மனோபாவம் என்று அதற்கு ஒரு கௌரவமும் கொடுத்தேன். இரண்டும் இல்லை என்பது பதினைந்து வயதில் சித்தி சொல்லித் தெரிந்தது.

எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறது. 1984 ஜூனில் பிறந்து 1985 மே மாதத்தில் இறந்துபோனது. வயிற்றுப்போக்கு. இரண்டு நாள். ஆண்டு நிறைவுக்கு மூன்று வாரம் இருந்தது. குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதாக ஏற்பாடு. பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஆசாரி தோடு செய்து கொடுத்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்காரவைக்கப் பட்டுப்பாவாடை தைத்து வந்திருந்தது. அந்தக் குழந்தைக்குப் பெயர் இருந்தது. நாற்பது வருஷமாக யாரும் சொல்லாத அந்தப் பெயரை இங்கே அச்சில் சொல்லும் உரிமை எனக்கில்லை.

ஆகவே என் மகள் பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரு கணக்கு சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தாம் மாதத்தில் மனைவி, "அத்தை, ஆண்டு நிறைவுக்குக் கோயிலுக்குப் போயிடலாமா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். காது குத்துவது பற்றிப் பேசியபோதும் அப்படியே. வீட்டிலேயே ஒரு சர்க்கரைப் பொங்கல் வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். அதற்கும் எழுந்து போனாள். எங்களிடமிருந்த ஒவ்வொரு சடங்கும் 1985-ல் ஏற்கனவே தயாராகி நின்றுபோனது. எதைத் தொட்டாலும் அதன் மடியில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது.

மனைவி கடைசியாக, கொஞ்சம் அலுப்போடு, "ஒரு கேக்காவது பண்ணலாம்" என்றாள். அம்மா எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதில முட்டை போடுவாங்களே?" என்று கேட்டாள்.

அம்மா முட்டை தொடமாட்டாள். ஆனால் எனக்குப் பட்டது வேறு. பிறந்தநாள் என்ற விஷயத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி அது.

முட்டையில்லாமல் செய்யலாம் என்பதற்கு நாம் ஒரு ஆங்கிலேயருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. அவளுக்காக அவர் முதலில் முட்டையில்லாத கஸ்டர்டையும், 1843-ல் பேக்கிங் பவுடரையும் செய்தார். விஷயம் எளிது. சோடாவும் ஒரு அமிலமும் ஈரம் பட்டால் சேர்ந்து வாயுவை விடுகின்றன. அந்த வாயு மாவைத் தூக்குகிறது. சூடு அந்தத் தூக்கிய நிலையிலேயே மாவை இறுக வைக்கிறது. மைதா ஒன்றரைக் கப், தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரைக் கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் ஸ்பூன், சமையல் சோடா அரை ஸ்பூன், வெனிலா எசன்ஸ் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. எங்களிடம் அவன் கிடையாது. குக்கரில் மணலைப் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் சூடேற்றி, உள்ளே தட்டு போட்டு, அதன் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். ஆவியை அடைப்பதற்கென்றே உண்டான பாத்திரத்தை அந்த வேலையிலிருந்து விடுவித்தால் அதுவே அடுப்பாகிவிடுகிறது.

முதல் கேக் பாழானது. மாவை முட்டை அடிப்பதுபோல் கரண்டியால் அடித்தேன். போதாததற்குப் பதினைந்தாவது நிமிஷம் திறந்து பார்த்தேன். மேலே எழும்பியிருந்தது என் கண்முன்னாலேயே நடுவில் குழிந்து உட்கார்ந்தது. மாவு இறுகுவதற்குள் சூடு போய்விட்டால் அப்படித்தான் ஆகும். விமர்சகனுக்கு இது ஒரு பாடம் என்று அப்போது தோன்றவில்லை. எரிச்சல்தான் வந்தது. மனைவி குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைச் சுரண்டிக் கழுவும்போது அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"மைதாவைப் போட்டப்புறம் அடிக்காதடா. இட்லி மாவைக் கிளர்ற மாதிரி கையால அடியிலேர்ந்து புரட்டி விடு. புரோட்டாக் கடையிலதான் அடிச்சுப் பிசைவாங்க."

அடித்தால் மைதாவில் பசை கட்டி இழுவையாகிவிடும் என்று சமையல் புத்தகம் சொல்லியிருந்ததை நான் படித்திருந்தேன். அவள் புத்தகம் படிக்காமல் சொன்னாள். பிறகு உள்ளே வந்து கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தயிரில் சர்க்கரையைக் கரைத்தாள். அடுத்து என்ன என்றாள். நான் பேப்பரைப் பார்த்து, "ஒரு சிட்டிகை உப்பு" என்றேன்.

"சர்க்கரையும் உப்புமா?"

"ருசிக்குத்தான்."

உப்பு ஜாடியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா சும்மா நின்றாள். பிறகு, எனக்கென்று இல்லாமல், ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "ஒரு லிட்டர் தண்ணி. காய்ச்சி ஆறவச்சது. ஆறு ஸ்பூன் சர்க்கரை. அரை ஸ்பூன் உப்பு. தலை தட்டி."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"உனக்குத் தடுப்பூசி போடப் போனப்போ சுவத்தில எழுதியிருந்தது. நர்ஸம்மாகிட்ட என்னன்னு கேட்டேன், சொன்னாங்க. பேதி போற குழந்தைக்குத் தண்ணி காட்டாதேன்னு அன்னிக்கு எல்லாரும் சொன்னாங்கடா. தண்ணி குடிச்சா இன்னும் போகும்னாங்க. நான் காட்டலே. வாயைத் திறந்து திறந்து காட்டிச்சு. நான் காட்டலே."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. உப்பை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டாள்.

சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். இந்த உண்மை ஒன்றும் ரகசியமில்லை. 1971-ல் வங்க எல்லையில் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களே மொண்டு கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அது நடந்து பதினாலு வருஷம் கழித்தும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பதினாலு வருஷத்தில் என்னென்னவோ வந்து சேர்ந்திருக்கும். யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் அன்று தெரிந்தது.

இரண்டாவது கேக்கை அவள் திறக்கவிடவில்லை. முக்கால் மணி நேரமும் அடுப்படியில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாசனை மாறியதும், "இப்பப் பாரு" என்றாள். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன். மாவு ஒட்டாமல் வந்தது. மேலே பூச்சு எதுவும் இல்லை. ஒரு ஓரம் லேசாகக் கருகியிருந்தது. பார்க்க ஒரு பெரிய தவலை அடைபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அதை வெட்டினோம். மெழுகுவத்தி வைக்கவில்லை. விளக்கை வாயால் ஊதி அணைப்பது எங்கள் வீட்டில் ஆகாது. குத்துவிளக்கை ஏற்றி, அதன் பக்கத்தில் கேக்கை வைத்தோம். பாட்டு இல்லை. இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்ததால், யாருடைய பிறந்தநாளோ அவளுக்கு மசித்த வாழைப்பழம். அவள் கேக்கின் கருகிய ஓரத்தில் கையை வைத்து அழுத்தினாள், அவ்வளவுதான். கேக்கை நாங்கள் சாப்பிட்டோம். அம்மா இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

இதைப் படிக்கப்போகிற ஐம்பது பேரில் சிலர், இதெல்லாம் சரி, இலக்கியப் பத்திரிகையில் ஏன் என்று கேட்கக்கூடும். நானும் கேட்டுக்கொண்டேன். 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வை ஆரம்பித்து அதில் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்ததிலிருந்தே, இந்த உருவம் நம்முடையதா, இரவலா என்ற சண்டை நடந்துவந்திருக்கிறது. நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். இரவல் இல்லை, நம் மரபிலேயே வேர் இருக்கிறது என்று ஒரு காலத்தில் நிரூபிக்கப் பார்த்தேன். இரவல்தான், ஆகையால் போலி என்று பிறகு எழுதினேன். இரவலாக இருப்பதே சமயத்தில் ஒரு உபயோகம் என்பது இரண்டு தரப்பிலும் எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரியில் எங்களுக்கு டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாடமாக இருந்தது. அதில் மிஸ் ஹாவிஷாம், கல்யாணம் நின்றுபோன நிமிஷத்தில் கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிடுகிறாள். மேஜைமேல் கல்யாணக் கேக் சிலந்தி ஓடி அப்படியே மக்கிக் கிடக்கிறது. கேக் அந்த ஊரின் சடங்கு. எனவே அந்த ஊரின் நின்றுபோன காலம் அதில்தான் உட்கார முடியும். ஒரு ஆங்கிலேயத் தாய் என் அம்மாவின் நிலையில் இருந்தால், அவளால் தொட முடியாமல் போகும் பண்டம் கேக்காகத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் நின்றுபோனவை மொட்டையும் தோடும் பட்டுப்பாவாடையும். கேக்குக்கு இங்கே பழசு எதுவும் ஞாபகமில்லை. அதனால் அம்மா அதன் பக்கத்தில் வந்து உட்கார முடிந்தது. வந்து உட்கார்ந்தவள் அதைத் தன் கைக்குப் பழக்கமான இட்லி மாவாக மாற்றிக்கொண்டாள் என்பது வேறு விஷயம். அல்லது அதுவும் இதே விஷயம்தான்.

வெண்பாவுக்குள் போய் உட்கார முடியாத துக்கங்கள் இருக்கலாம். வெண்பா சின்னது என்பதால் அல்ல. அங்கே ஏற்கனவே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்வதால் அந்தத் தொகுதியைப் பற்றிய என் அபிப்ராயம் மாறிவிடவில்லை. அந்தக் கவிதைகள் நன்றாக இல்லை. ஆனால் நான் சொன்ன காரணம் தவறு. கவிஞருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ராத்திரி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தோம். மணலை ஒரு பழைய டப்பாவில் கொட்டி மூடிவைத்தாள் அம்மா. அடுத்த வருஷத்துக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தை தூங்கிவிட்டது. விளக்கை அணைக்கப் போனபோது அம்மா மனைவியிடம், "பாப்பாவுக்குக் காது எப்பம்மா குத்தப்போறீங்க?" என்றாள்.

"நீங்க சொல்லுங்க அத்தை."

"தை பொறக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "தோடு புதுசாத்தான்டா வாங்கணும். அது இல்லே. நீ காலேஜ் சேர்ந்தப்போ பீஸுக்கு வித்தாச்சு."