கொண்டு சென்றது திரும்பி வரட்டும்

விடுமுறை வந்துவிட்டால், கோவை வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரு பகலேனும் ஆழியாறு, டாப்சிலிப், கோவைக் குற்றாலம் என்று புறப்பட்டுவிடுகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால், முதல் நாள் இரவே பிரியாணி தேக்சாவிலிருந்து போர்வை வரை மூட்டை கட்டி, கிளம்புமுன்பே நம் பெண்கள் களைத்துவிடுகிறார்களே! ஒரு பகலுக்கு இத்தனை சுமை ஏன்?

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தோள்பைதான். அதை மாட்டிய பின்னும் இரு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும். ஒரு கை குழந்தையைப் பிடிக்க, மறு கை முதியவரைத் தாங்க. பையின் அளவுக்கு நாங்கள் வகுத்த இலக்கணம் இதுவே.

அதனுள் எஃகுப் புட்டிகளில் தண்ணீர், தூக்குப் போசியில் தயிர்ச்சோறு, சில பேரீச்சம்பழங்கள், ஒரு துண்டு, முதியவர்களின் மாத்திரைகள். ஒரு பொட்டலத்தில் சர்க்கரையும் உப்பும். வெயிலிலோ வயிற்றுப்போக்கிலோ குழந்தை துவண்டால், 1 லிட்டர் தூய நீரில் 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மருத்துவரிடம் சேரும் வரை அது துணை நிற்கும்.

மடித்த தொழுகை விரிப்பும் திசைகாட்டியும் உண்டு. கோவையிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 பாகை வடக்கே சாய்ந்தது. ஒளூவுக்கு ஒரு சிறு புட்டி நீர் போதும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு, அதாவது இரு கைகள் கொள்ளும் அளவு நீரிலேயே ஒளூச் செய்ததாக நபிமொழி கூறுகிறதல்லவா?

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்றுண்டு: ஒரு வெறுந்துணிப்பை. எச்சில் இலை, பழத்தோல், காகிதம் யாவும் அதில்தான் வீடு திரும்பும்.

ஏன் தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் யானைகள் நடமாடும் பூமி. உணவின் உப்பும் மணமும் ஒட்டிய நெகிழி உறையை யானையும் மானும் உணவென்றே விழுங்கிவிடுகின்றன. அது செரிப்பதில்லை, குடலை அடைத்து உயிரையே பறிக்கவும் கூடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. எனினும், சோதனைச் சாவடியில் காவலர் பார்க்காத பையையும் இறைவன் பார்க்கிறான் அன்றோ!

வெள்ளிங்கிரி மலைச்சாரலில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேலே நாம் எறியும் குப்பை கீழே யாரோ ஒருவரின் வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், அந்த இடையூறை நாமே போட்டுவிட்டு வரலாமா?

சகோதரிகளே! அடுத்த பயணத்தின்போது பையைக் குழந்தைகளையே கட்டச் சொல்லுங்கள். வீட்டுத் தலைவரைச் சுமக்கச் சொல்லுங்கள். மாலையில் வீடு திரும்பியதும், காலையில் கொண்டு சென்றவை அனைத்தும் வந்தனவா என்று அவர்களுடன் அமர்ந்து எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்குச் சரியாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த அருவியும் காடும் மிஞ்சும்.