மலைச்சாலையும் மென்பொருளின் நேர்மையும்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலை, எஞ்சின் ஆய்வாளருக்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த சோதனைக்கூடம் எனலாம். கணவாயின் வெப்பக் காற்றில் புறப்படும் கார், சில மணி நேரத்தில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தை அடைகிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது; காற்று மெலிந்தாலும் அது எரிபொருளைப் போதிய அளவு குறைக்காது. கரும்புகையும் திணறலுமாகவே வண்டி மலையேறும். ஈ.சி.யூ. எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகோ, அழுத்தம், வெப்பம், ஆக்சிஜன் ஆகியவற்றை அளக்கும் உணரிகளைக் கொண்டு எரிபொருளின் அளவை நொடிதோறும் திருத்திக்கொள்கிறது.

ஆயினும் அக்கணக்கு வெறும் இயற்பியல் அன்று; அதனுள் மனிதரின் தேர்வும் உண்டு. டீசல் எஞ்சின் இதற்குச் சான்று. கழிவுவாயுவின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். மெலிந்த காற்றில் அவ்வாறு செய்தால் கரிப்புகை மிகும், இழுவிசையும் குறையும். எனவே உயரம் கூடும்போது அம்மறுசுழற்சியைக் குறைக்குமாறு நிரல் எழுதப்படுவதுண்டு. ஓட்டுநர் அதனை அறியார். வண்டி நன்றாக இழுக்கிறது என்றே மகிழ்வார். அதற்கான விலையைச் சாலையோரத் தேயிலைத் தோட்டங்களில் மூச்சுவிடுவோர் செலுத்துகின்றனர்.

2015இல் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் மோசடியில், ஆய்வகச் சோதனை நடப்பதை மென்பொருள் உணர்ந்து, அப்போது மட்டும் உமிழ்வை முழுமையாகக் கட்டுப்படுத்தியது. அளவுக்கருவியை வண்டியிலேயே ஏற்றி மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலையில் நடத்திய ஆய்வே அதற்கு முதல் தடயம் தந்தது. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்கீழ் சாலை உமிழ்வுச் சோதனை கட்டாயமாயிற்று.

ஆனால் விதிக்கும் ஓர் உயர எல்லை உண்டு. ஐரோப்பியச் சாலைச் சோதனையில் அது 1300 மீட்டர். மூணாறு அதற்கும் மேலே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அச்சோதனையின் சான்றிதழ் கூறாது. அளவுக்கருவியுடன் மலையேறும் ஒரு கார் கூறிவிடும். பாலக்காட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, கோவையில் பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. சோதனைக்கூடமாகிய அச்சாலை அவற்றின் வாசலிலிருந்தே தொடங்குகிறது.